பழைய காரில் என்னென்ன இருக்கிறது?

மாருதி 800 தில்லியில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது 1983ஆம் ஆண்டு டிசம்பரில். அதற்குப் பின் வெகுகாலம் வரை, பழைய மாருதி வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்றுதான்: "ஏ.சி. உண்டா, இல்லையா?" அம்பாஸடரிலும் பிரீமியர் பத்மினியிலும் அநேகமாக அந்தக் கேள்விகூட எழுந்ததில்லை. எஞ்சின் புகைகிறதா, அடித்தகடு துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தார்கள்.

இன்று நிலைமை வேறு. ஒரே பெயர், ஒரே உருவம், ஒரே நிறம் கொண்ட கார் தொழிற்சாலையிலிருந்து நான்கைந்து வகைகளாக வெளிவருகிறது. 2019 வரை ஒன்றில் காற்றுப்பை (ஏர்பேக்) இருந்தது, இன்னொன்றில் இல்லாமல் இருந்தது. ஒன்றில் ஏ.பி.எஸ். பிரேக் இருந்தது, மற்றதில் சாதாரண பிரேக். புதிதாக வாங்கும்போது விலைப்பட்டியல் நம் கையில் இருப்பதால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஏழெட்டு வருடம் ஓடி, இரண்டு கை மாறி வந்த பிறகு தெரிவது கடினம். விற்பவருக்கே தெரியாமல் இருப்பதும் உண்டு. தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் உண்டு.

நம் சங்கத்து அன்பர்களில் பலர் மாற்றலாகி வந்து, நான்கைந்து வருடங்கள் இருந்துவிட்டு வேறு ஊர் போகிறவர்கள். புதுக் காருக்குப் பதில் பழைய கார் வாங்குவது அவர்களுக்குச் சிக்கனம். பள்ளி விடுமுறைக்கு அதே காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஆக்ரா, ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத் வழியாக ஊருக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் பயணத்தில், காரில் என்ன இருக்கிறது என்பது வெறும் விலை விவகாரமாக நின்றுவிடாது. நண்பர்களுக்காகப் பல கார்களைப் போய்ப் பார்த்து வந்ததில் நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்

மாருதி கார்களில் பெயரை அடுத்து வரும் எழுத்துகளைக் கவனித்திருப்பீர்கள். 'எல்' என்று தொடங்கினால் அடிப்படை வகை, 'வி' என்றால் நடுத்தரம், 'இசட்' என்றால் மேல்தரம். முடிவில் 'எக்ஸ்.ஐ.' என்று வந்தால் பெட்ரோல், 'டி.ஐ.' என்று வந்தால் டீசல். ஹூண்டாயில் எரா, மாக்னா, ஸ்போர்ட்ஸ், ஆஸ்டா என்ற பெயர்கள் இதே ஏறுவரிசையில் வரும். ஹோண்டாவில் ஈ, எஸ், வி, வி.எக்ஸ். என்று போகும்.

இவற்றோடு பலர் கவனிக்காத ஓர் எழுத்தும் உண்டு. வகையின் பெயருக்குப் பக்கத்தில் சிறிய 'ஓ'. 'விருப்பப்பட்டால் கூடுதல் பணம் கொடுத்துப் பெறலாம்' என்பதன் சுருக்கம் அது. 2015இல் மாருதி நிறுவனம் ஸ்விஃப்ட், டிசையர் கார்களின் கீழ்த்தர வகைகளிலும் இரண்டு காற்றுப்பைகளையும் ஏ.பி.எஸ்.ஸையும் இப்படி விருப்பத் தேர்வாகக் கொடுக்க ஆரம்பித்தது. ஆகவே 2016ஆம் ஆண்டின் இரண்டு ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ. கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றால், ஒன்றில் இரண்டு காற்றுப்பைகள் இருக்கலாம், மற்றதில் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். பின்கதவின் எழுத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அந்தப் பின்கதவு எழுத்தையே நம்பக்கூடாது என்பது அடுத்த விஷயம். சென்னையில் புதுப்பேட்டை எப்படியோ, தில்லியில் காஷ்மீரி கேட்டும் கரோல் பாக்கும் அப்படி. அங்கே எந்த எழுத்தும் கடையில் கிடைக்கும். பசை தடவி ஒட்டிவிடலாம்.

மயூர் விஹாரில் வசிக்கும் நண்பர் குடும்பத்துடன் 2013ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். பின்கதவில் 'இசட்.எக்ஸ்.ஐ.' என்று பளபளத்தது. அலாய் சக்கரம், பனிவிளக்கு, புதுப் பாட்டுப்பெட்டி எல்லாம் இருந்தன. தரகர் "டாப் மாடல் ஹை, சாப்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நண்பரின் மனைவி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "அண்ணா, எங்க அக்கா கார்ல பின்கண்ணாடியில கோடுகோடா இருக்கும், வைப்பரும் இருக்கும். இதுல ரெண்டுமே இல்லையே?" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார். அந்த வருடத்து இசட்.எக்ஸ்.ஐ.யில் அவை இரண்டும் உண்டு. ஸ்டியரிங்கிலும் காற்றுப்பைக்கான எழுத்து இல்லை. ஏ.சி.யைக் கையால் திருகும் குமிழ்கள்தான் இருந்தன. மேல்தர வகையில் அது தானியங்கி. ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தோம். வி.எக்ஸ்.ஐ. என்று தெளிவாக அச்சாகியிருந்தது.

பின்னால் சேர்க்க முடிவதும் முடியாததும்

ஒரு காரின் வசதிகளை முதலில் இரண்டு பட்டியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பாட்டுப்பெட்டி, அலாய் சக்கரம், பனிவிளக்கு, தோல் இருக்கை உறை, பின்பக்கக் காமெரா, நடுப்பூட்டு ஆகியவை முதல் பட்டியல். இவற்றை எப்போது வேண்டுமானாலும் கடையில் வாங்கிப் பொருத்தலாம். விற்பவர் இவற்றைத்தான் முதலில் காட்டுவார். கண்ணைக் கவர்வதும் இவைதான்.

காற்றுப்பை, ஏ.பி.எஸ்., வழுக்காமல் காக்கும் ஈ.எஸ்.பி. அமைப்பு, குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி, உயரம் மாற்றக்கூடிய ஓட்டுநர் இருக்கை, பின்னிருக்கைக்கான ஏ.சி. துவாரம் ஆகியவை இரண்டாம் பட்டியல். இவை காரின் எலும்போடும் நரம்போடும் சேர்ந்தவை. காற்றுப்பை என்றால் பை மட்டுமில்லை. மோதலை உணரும் கருவி, கணக்கிடும் கட்டுப்பாட்டுப் பெட்டி, வெடித்து விரியும் பை, இறுகும் பெல்ட் எல்லாம் அந்தக் காருக்கென்றே அளவெடுத்து அமைக்கப்பட்டவை. பின்னால் கடையில் சேர்ப்பது நடைமுறையில் ஆகாத காரியம்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் உதாரணம். குளோபல் என்காப் என்ற அமைப்பு 2014 ஜனவரியில் இந்தியச் சிறு கார்கள் ஐந்தின் மோதல் சோதனை முடிவுகளை வெளியிட்டது. காற்றுப்பை இல்லாத வகைகளில் ஐந்துக்குமே பெரியவர்களின் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம். அவற்றில் ஒன்றான ஃபோக்ஸ்வேகன் போலோவை இரண்டு காற்றுப்பைகளுடன் சோதித்தபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. பெயரும் உடம்பும் அதேதான். அதன் பிறகு அந்த நிறுவனம் காற்றுப்பை இல்லாத போலோவை இங்கே விற்பதை நிறுத்திவிட்டது. ஆனால் அதற்கு முன் விற்ற கார்கள் சந்தைக்கு வரத்தானே செய்யும்?

ஆகவே கூடுதல் பணம் கொடுப்பதானால் இரண்டாம் பட்டியலுக்குக் கொடுங்கள். முதல் பட்டியலுக்குக் கடைவிலையைவிடக் குறைவாகவே மதிப்புப் போடுங்கள்.

காகிதம் சொல்வது

காரைத் தொடுமுன் காகிதங்களைக் கேளுங்கள். ஆர்.சி.யில் மாடல் என்ற இடத்தில் பல சமயம் வகையின் பெயரும் சேர்ந்தே இருக்கும். தயாரான மாதமும் வருடமும் இருக்கும். அதில் உள்ள சாஸி எண்ணைக் காரில் பொறித்துள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பதினேழு எழுத்துகள் கொண்ட அந்த எண்ணில் முதல் மூன்றும் தயாரிப்பாளரைக் குறிக்கும். எம்.ஏ.3 என்றால் மாருதி, எம்.ஏ.எல். என்றால் ஹூண்டாய், எம்.ஏ.டி. என்றால் டாடா. மற்ற எழுத்துகளை வைத்து நாமே வசதிகளைக் கணக்கிட முடியாது. ஆனால் அந்தத் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்தில் அந்த எண்ணைக் கணினியில் போட்டால் எந்த வகை என்று தெரிந்துவிடும். காரின் சொந்தக்காரரையும் உடன் அழைத்துப் போனால் கேட்டது கிடைக்கும். விபத்து வேலை நடந்திருக்கிறதா என்பதும் அங்கேயே தெரியும்.

முதல் சொந்தக்காரர் வாங்கியபோது கொடுத்த பில் இருந்தால் மிகவும் நல்லது. வகை, நிறம், கூடுதலாகப் பொருத்திய சாமான்கள் எல்லாம் அதில் தனித்தனியாக எழுதியிருக்கும்.

இன்சூரன்ஸ் பாலிசியையும் புரட்டிப் பாருங்கள். முதல் பக்கத்திலேயே காரின் வகை இருக்கும். 'மின்சாதனங்கள்', 'மற்ற சாதனங்கள்', 'சி.என்.ஜி. கிட்' என்று தனிக் கட்டங்களும் இருக்கும். அந்தக் கட்டங்களில் தொகை எழுதியிருந்தால், அந்தச் சாமான்கள் தொழிற்சாலையிலிருந்து வந்தவை அல்ல, பின்னால் சேர்த்தவை என்று அர்த்தம்.

ஒரு காகிதத்தை மட்டும் சாட்சியாகக் கொள்ளாதீர்கள். காரோடு வரும் கையேடு பொதுவாக எல்லா வகைகளுக்கும் சேர்த்து அச்சிடப்படுவது. அதில் காற்றுப்பைக்குப் பத்துப் பக்கம் இருக்கலாம். ஆனால் தலைப்புக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியோ, 'பொருத்தப்பட்டிருந்தால்' என்ற பொருள்படும் சொல்லோ இருக்கும். கையேட்டைக் காட்டி "பாருங்கள், எல்லாம் இருக்கிறது" என்பவரிடம் அந்தக் குறியைக் காட்டுங்கள்.

தயாரிப்பாளர்கள் அந்தந்த வருடம் வெளியிட்ட விளம்பரக் கையேடு கிடைத்தால் எந்த வகையில் என்னென்ன இருந்தது என்ற கட்டம் அதில் இருக்கும். வருடம் சரியாக இருப்பது அவசியம். ஸ்விஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 பிப்ரவரியில் வந்த புதிய ஸ்விஃப்டில் எல்லா வகைகளிலும் இரண்டு காற்றுப்பையும் ஏ.பி.எஸ்.ஸும் உண்டு. சில மாதம் முன்னால் வந்த பழைய உருவத்துக்கு அது பொருந்தாது.

கண் சொல்வது

இனி காரிடம் போகலாம். ஸ்டியரிங்கின் நடுவில் காற்றுப்பைக்கு அடையாளமாக 'எஸ்.ஆர்.எஸ்.' என்ற எழுத்து அச்சாகவே பதிந்திருக்கும். பக்கத்து இருக்கைக்கு எதிரே டாஷ்போர்டின் மேலும் அதே எழுத்து இருந்தால் இரண்டாவது பையும் உண்டு. இருக்கையின் ஓரத்தில் சிறிய துணிப்பட்டி தைத்திருந்தால் பக்கவாட்டுப் பை. கதவுகளுக்கு இடையிலுள்ள தூணின் மேல்பகுதியில் எழுத்திருந்தால் திரைபோல் விழும் பை. பக்கவாட்டுப் பை உள்ள இருக்கைக்கு இறுக்கமான தோல் உறை போட்டிருந்தால் அந்தப் பை விரிய முடியாமல் போகும். உறையைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள்.

ஸ்டியரிங்கின் மூடியும் டாஷ்போர்டும் நிறத்திலோ சொரசொரப்பிலோ மற்ற பாகங்களோடு ஒட்டாமல் இருந்தால், ஒரு முறை விபத்தில் பைகள் வெடித்து, மூடி மட்டும் மாற்றப்பட்டிருக்கலாம். காற்றுப்பை ஒரு முறைதான் பயன்படும்.

பானெட்டைத் திறந்தால், ஏ.பி.எஸ். உள்ள காரில் உள்ளங்கை அளவு உலோகக் கட்டி ஒன்றும், அதிலிருந்து மெல்லிய பிரேக் குழாய்கள் பல கிளம்பிப் போவதும் தெரியும். சக்கரத்தின் உட்புறம் வேகத்தை அளக்கும் ஒயர் போகும்.

டாஷ்போர்டில் காலியான பொத்தான்கள் எத்தனை என்று எண்ணுங்கள். மேல்தர வகையில் பொத்தான் இருக்கும் இடத்தைக் கீழ்த்தர வகையில் வெறும் மூடியால் அடைத்திருப்பார்கள். மேல்தரம் என்று சொல்லப்பட்ட காரில் மூன்று நான்கு மூடிகள் இருந்தால் சந்தேகப்படலாம். வழுக்கும் காரின் படம் போட்ட பொத்தான் இருந்தால் ஈ.எஸ்.பி. உண்டு. பின்னிருக்கையின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில் கைவிட்டுப் பார்த்தால் ஐசோஃபிக்ஸ் கம்பி தட்டுப்படும். பின் பம்பரில் உள்ள உணர்கருவிகள் வரிசையாக, ஒரே நிறத்தில், பம்பரோடு படிந்திருந்தால் தொழிற்சாலை வேலை. ஓட்டையின் ஓரம் பிசிறடித்திருந்தால் கடை வேலை.

காரின் முன்னால் பெரிய இரும்புத் தடுப்புக் கம்பி பொருத்தியிருந்தால் அதைப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். மோதலின் வேகத்தை உணர்ந்து காற்றுப்பையைத் திறக்கும் அமைப்பை அது குழப்பிவிடும். 2017 டிசம்பரில் மத்திய அரசு இத்தகைய கம்பிகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது.

சாவி சொல்வது

எழுத்தும் இருக்கிறது, கட்டியும் இருக்கிறது. அவை வேலை செய்கின்றனவா என்பதைச் சாவியால் கேட்க வேண்டும்.

எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை ஒரு படி முன்பு வரை திருப்புங்கள். பொத்தானால் கிளம்பும் காராக இருந்தால் பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை அழுத்த வேண்டும். டாஷ்போர்டில் விளக்குகள் எரியும். காற்றுப்பை விளக்கும் ஏ.பி.எஸ். விளக்கும் சில விநாடிகள் எரிந்து தாமாகவே அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், அந்த வசதி காரில் இல்லை, அல்லது பழுதை மறைக்க விளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். அணையாமலே எரிந்தால் பழுது.

ஒரு தந்திரமும் நடக்கிறது. பழுதான காற்றுப்பையின் விளக்கை ஆயில் விளக்கோடோ பாட்டரி விளக்கோடோ சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அப்போது அதுவும் எரியும், எஞ்சின் கிளம்பியதும் அணையும். பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எஞ்சினைக் கிளப்பாமல் காத்திருங்கள். நல்ல காரில் காற்றுப்பை விளக்கு முதலில் அணையும். ஆயில் விளக்கும் பாட்டரி விளக்கும் எஞ்சின் கிளம்பும்வரை எரிந்துகொண்டிருக்கும். மூன்றும் சேர்ந்தே அணைந்தால் மெக்கானிக்கிடம் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தால் ஸ்கேனரோடு பேசும்.

வருடம் சொல்வது

சட்டம் மாறிய தேதிகளைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடியும். ஏ.பி.எஸ். புதிய மாடல் கார்களில் 2018 ஏப்ரலிலிருந்தும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களில் 2019 ஏப்ரலிலிருந்தும் கட்டாயமானது. 2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களில் ஓட்டுநருக்கான காற்றுப்பை, முன்னிருக்கை பெல்ட் எச்சரிக்கை, பின்னால் நிறுத்த உதவும் உணர்கருவி, 80 கிலோமீட்டரைத் தாண்டினால் ஒலிக்கும் எச்சரிக்கை ஆகியவை கட்டாயம். பக்கத்து இருக்கைக்கான காற்றுப்பை 2021 ஏப்ரலில் புதிய மாடல்களுக்கும், 2022 தொடக்கத்திலிருந்து எல்லா மாடல்களுக்கும் வந்தது.

இங்கே பார்க்க வேண்டியது தயாரான மாதத்தை, பதிவான மாதத்தை அல்ல. 2019 ஆகஸ்டில் பதிவான கார் அந்த வருடம் மார்ச்சில் தயாராகி, ஷோரூமில் நின்றிருக்கலாம்.

சி.என்.ஜி. கார் என்றால்

தில்லி, மும்பை அன்பர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும். மாருதி 2010 முதல் தொழிற்சாலையிலேயே சி.என்.ஜி. பொருத்தித் தருகிறது. மற்றவற்றில் சில வெளியில் பொருத்தியவை. இரண்டானாலும் ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோலோடு சி.என்.ஜி.யும் பதிவாகியிருக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்திருக்க வேண்டும். இல்லையென்றால் விபத்து நேரும்போது இழப்பீடு கிடைப்பதில் சங்கடம் வரும். சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒரு முறை அழுத்தச் சோதனை செய்து, தேதி பொறித்த தகட்டை மாட்டியிருக்க வேண்டும். அந்தத் தேதியைப் பாருங்கள்.

பேரம் பேசும்போது

நேரில் பார்க்கப் போகுமுன் தொலைபேசியிலேயே "தயாரான மாதம் என்ன, வகை என்ன, காற்றுப்பை எத்தனை, ஏ.பி.எஸ். உண்டா?" என்று நான்கு கேள்வி கேளுங்கள். "எல்லாம் இருக்கு, வந்து பாருங்க" என்பது பதிலாகாது. போகும்போது பகல் வெளிச்சத்தில் போங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். விலை முடிந்தபின், முன்பணம் கொடுக்கும் ரசீதிலேயே வகையின் பெயரையும் காற்றுப்பைகளின் எண்ணிக்கையையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாயால் தாராளமாகச் சொல்கிறவர்கள் எழுதும்போது நிதானிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஊர் திரும்பும் நம்மவர் காரை விற்கும்போதும் இதே முறைதான். தெரிந்தவர் என்பதால் கேட்கத் தயங்க வேண்டாம். அவர் இரண்டாவது சொந்தக்காரராக இருந்தால், யாரோ ஒட்டிய எழுத்தை நம்பி அவரும் ஏமாந்திருக்கலாம். இருவரும் சேர்ந்து சாவியைத் திருப்பிப் பார்த்துவிடுவது உறவுக்கும் நல்லது.

காற்றுப்பை இல்லாத கார்தான் நம் பணத்துக்கு அகப்படுகிறது என்றால், அதைத் தெரிந்தே, அதற்குரிய விலைக்கு வாங்குங்கள். நெடும்பயணத்துக்கு ரயிலையும் ஊருக்குள் ஓடக் காரையும் வைத்துக்கொள்ளலாம். எந்தக் காரானாலும் பின்னிருக்கையில் இருப்பவர்கள் உட்பட எல்லோரும் பெல்ட் போட்டுக்கொள்ள வேண்டும். பெல்ட் போட்டவருக்குத் துணையாகத்தான் காற்றுப்பையே அமைக்கப்பட்டிருக்கிறது. காரைப் பார்க்கும்போது பின்னிருக்கை பெல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக இழுத்து, மாட்டி, கழற்றிப் பாருங்கள். அநேகமாக அவை இருக்கை உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும்.